முன்சக்கரத்து வால்வு

நம் வயதுக்காரர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், வயிற்றைப் புரட்டுகிற ஏதோ ஒன்று ஆளுக்கு ஒன்றாக இருக்கும். சிலருக்குப் பால் ஏடு. சிலருக்கு ஆஸ்பத்திரி வராந்தாவின் வாடை. எனக்கு, டயர் வால்வின் மேல் எச்சில் தொட்டு வைப்பது. சிரிக்காதீர்கள். போன மாதம் எங்கள் வீட்டு முற்றத்தில் மருமகன் தன் மோட்டார் சைக்கிளின் இரண்டு வால்வுகளையும் மாற்றினார். ரப்பர் தண்டு வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டதாம். கடைக்குப் போகாமல், கைபேசியில் படம் பார்த்துப் பார்த்து, டயரை விளிம்பிலிருந்து மிதித்து விலக்கி, பழையதை இடுக்கியால் பிடுங்கி, புதியதில் சோப்புத் தண்ணீர் தடவி இழுத்துப் பொருத்தினார். அதுவரை நானும் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காற்றடித்து முடித்ததும் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, எச்சிலை வால்வின் வாயில் வைத்து, குமிழி வருகிறதா என்று குனிந்தார். நான் எழுந்து உள்ளே போய் வாந்தி எடுத்தேன்.

மகள் பிரஷர் பார்த்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அவளுடைய தாத்தா நல்ல மனிதர். உங்களிடம் சொல்லலாம். நீங்களும் ஒரு அப்பாவுக்குப் பிள்ளையாக இருந்தவர்கள்தானே.

எனக்கு அப்போது பாவாடை கட்டுகிற பத்து வயது. பள்ளிக்கூடம் திறந்த அதே வாரம் இடவப்பாதி என்கிற பருவமழையும் பிடித்துக்கொண்டது. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், கிழக்கேகோட்டைக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு சந்தில் குடியிருந்தோம். பன்னிரண்டு வீடுகள். முக்கால்வாசிப் பேர் எங்களைப் போல நாஞ்சில் நாட்டுப் பக்கமிருந்து வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள். அத்தனை வீடும் ஓர் அரிசி மண்டிக்காரருக்குச் சொந்தம். சந்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அந்த மழையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நாற்றம்தான். ஜில்லென்ற காற்றும் தவளைச் சத்தமும் கதை எழுதுகிறவர்களுக்கு. எங்களுக்கு, மூன்று நாள் கொடியில் தொங்கியும் காயாத துணியின் நாற்றம். நனைந்த நாய் சமையலறைக்குள் வந்து படுத்தது மாதிரி இருக்கும். வெள்ளைச் சட்டைக் காலரில் கறுப்புப் புள்ளிகள் பூத்துவிடும். சந்து ஓரச் சாக்கடை வாசற்படி வரைக்கும் ஏறி வந்து, இறங்கும்போது படியில் ஒரு வழவழப்பை விட்டுப் போகும்.

அந்த நாற்றத்திலிருந்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர் தேப்புக்காரர். துணி தேய்க்கிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சந்து முனையில் ஒரு பாதாம் மரம். அதன் அடியில் நான்கு சக்கரத் தள்ளுவண்டி, மேலே தார்ப்பாய். பித்தளைப் பெட்டிக்குள் தேங்காய்ச் சிரட்டைக் கரி கனன்றுகொண்டே இருக்கும். ஈரத்துணியைக் கொடுத்தால் நீராவி பறக்கத் தேய்த்து, மொடமொடவென்று மடித்துத் தருவார். அந்தத் துணியை முகத்தில் ஒற்றிக்கொண்டால் சூடாக, லேசாகப் புகை மணத்தோடு இருக்கும். அந்தப் பருவத்தில் சந்தில் இருந்த ஒரே நல்ல வாசனை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

தேப்புக்காரர் என்று இப்போது ‘ர்’ போட்டு எழுதுகிறேன். அன்றைக்கு நாங்கள் சொன்னது ‘தேப்புக்காரன்’. அப்பாவைவிட அவருக்குப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். ஆனாலும் சந்தில் பால்குடி மறந்த பிள்ளை வரை எல்லோருக்கும் அவர் ‘நீ’. தண்ணீர் கேட்டால் அம்மா செம்பை உயரத் தூக்கிப் பிடித்து ஊற்றுவாள், அவர் இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார். செம்பு அவர் மேல் பட்டுவிடாமல் இருக்க அம்மா காட்டிய அந்த லாவகத்தை நான் ஒரு திறமை என்றுகூட வியந்திருக்கிறேன்.

அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த வருடம் மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி தன் பழைய மோட்டார் சைக்கிளை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு வண்டி, கனத்த வண்டி. அதில் ஏறி உட்கார்ந்ததும் அப்பாவின் முதுகு நிமிர்ந்துவிடும், குரல்கூட மாறிவிடும். சந்துக்குள் அதைத் திருப்ப இடமில்லாததால் பாதாம் மரத்தடியில் நிறுத்தினார், தேப்புவண்டிக்கு நேர் பின்னால். காலையில் உதைத்துக் கிளப்பும்போது கரும்புகை அப்படியே தேய்த்து அடுக்கிய துணிமேல் போகும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு தேப்புக்காரர் கேட்டார். நான் பள்ளிக்கூடப் பையோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

“சாரே, வண்டிய இச்சிரி அங்கோட்டு மாத்தி வச்சா உபகாரம். பொகை எல்லாம் வெள்ளத் துணியில அடிக்கு.”

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ரோடு என்ன உங்கப்பன் எழுதி வச்சதா?” என்றார்.

“அப்பிடி இல்ல சாரே. நான் சொன்னேன், அவ்வளவுதான்.”

“சொல்லீட்டேல்லா. போய்ச் சோலியப் பாரு.”

அவர் போய்த் தேய்க்க ஆரம்பித்தார். அவர் தேய்த்துக்கொண்டிருந்தது அப்பாவின் சட்டைதான்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் வண்டியின் முன்சக்கரம் தரையோடு சப்பிப் போய்க் கிடந்தது. அப்பா கைப்பம்பு கொண்டுவந்து அடித்தார். மறுநாளும் சப்பை. ஆணி ஏதும் குத்தியிருக்கிறதா என்று டயரைச் சுற்றிச் சுற்றித் தடவினார். ஒன்றும் இல்லை. பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். வால்வின் மூடியைக் கழற்றி, தொண்டையைக் காறி, விரலில் எச்சிலைத் தொட்டு அதன் வாயில் பூசினார். வெற்றிலை போட்ட எச்சில். வால்வின் வாயில் சிவப்பாக ஒரு சொட்டு நின்றது. குமிழி வரவில்லை. அப்பா நிமிர்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார்.

“வால்வு நல்லாட்டு இருக்கு. இது எவனோ காத்தத் தொறந்து விடுகான்.”

எவனோ என்று சொல்லும்போதே அவர் தேப்புவண்டியைத்தான் பார்த்தார்.

இங்கேதான் நான் வருகிறேன். அன்று சாயங்காலம் காப்பி குடிக்கும்போது, யாரும் கேட்காமல், “தேப்புக்காரன் நம்ம வண்டி கிட்ட குத்த வச்சு இருந்தான், நான் பாத்தேன்” என்றேன். பார்த்தது நிஜம். அன்று அப்பா வண்டியை மரத்தடியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஆபீசுக்குப் போயிருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, தேப்புக்காரர் பெட்டியைத் திறந்து கரி அள்ளிப் போட்டார். எரிகிற சிரட்டைத் துண்டு ஒன்று கீழே விழுந்து உருண்டு எங்கள் வண்டிச் சக்கரத்தடியில் போய் நின்றது. அவர் ஓடிப்போய்க் குத்த வைத்துக் குனிந்து அதைக் கையாலேயே எடுத்து எறிந்துவிட்டு விரலை ஊதிக்கொண்டார். டயர் கருகிவிடக் கூடாதே என்று அவர் பதறியது இப்போது புரிகிறது. அன்று நான் சொன்னது குத்த வைத்திருந்ததை மட்டும். அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் அதற்கு முன் என் பேச்சுக்கு யாரும் டம்ளரைக் கீழே வைத்ததில்லை.

மறுநாள் மாலை அரிசி மண்டிக்காரர் வீட்டு முற்றத்தில் ஆண்கள் பத்துப் பேர் கூடினார்கள். மழை விட்டிருந்தது. மண்டிக்காரர் சாய்வு நாற்காலியில் இருந்தார். தேப்புக்காரர் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே ஈரத்தில் நின்றார்.

“நான் தொடல்ல சாரே. சத்தியமாட்டு தொடல்ல.”

“ஏட்டி, இஞ்ச வா” என்று அப்பா என்னைக் கூப்பிட்டார். “நீ இவனக் கண்டியா?”

“கண்டேன்.”

“எங்க இருந்தான்?”

“நம்ம வண்டிக்கு முன்னால.”

“குனிஞ்சானா இல்லியா?”

“குனிஞ்சான்.”

“கையி எங்க இருந்துது?”

“சக்கரத்துக்கிட்ட.”

எல்லாமே உண்மை. கரித்துண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து ஆண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அறுபது வயது தாண்டியும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

“சின்னப் பிள்ளைக்குக் கள்ளம் சொல்லத் தெரியுமா?” என்றார் மண்டிக்காரர். பிறகு கொஞ்சம் யோசித்துத் தீர்ப்பைச் சொன்னார். “காத்தத் தொறந்தவன் காத்தடிக்கட்டு. தெனமும் காலையில சாரு ஆபீசுக்குப் போறதுக்கு முன்ன வந்து அடிச்சுக் குடுக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மனதோடு கொடுத்த லேசான தண்டனை என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையிலிருந்து அது நடந்தது. தேப்புக்காரர் பம்பை இரண்டு பாதத்தாலும் மிதித்துக்கொண்டு, குனிந்து குனிந்து நிமிர்ந்து அடிப்பார். ஒல்லியான மனிதர். பத்து அடிக்கு ஒரு தடவை இருமல் வரும். அப்பா பக்கத்திலேயே நின்று உமிக்கரியால் பல் தேய்ப்பார். அவ்வப்போது கறுப்பாகத் துப்புவார். துப்புவதற்குச் சந்து நெடுகச் சாக்கடை கிடக்க, அவர் துப்பியது தேப்புக்காரர் காலடியில். மேலே படாது. ஆனால் ஒரு சாண் தள்ளித்தான் விழும். ஒவ்வொரு நாளும் அதே ஒரு சாண். நாங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று, “ஒண்ணு, ரண்டு, மூணு” என்று உரக்க எண்ணுவோம். நானும் எண்ணினேன். மற்றவர்களைவிட உரக்க எண்ணினேன்.

இப்படிப் பத்து நாள். ஆனால் காற்று நிற்கவில்லை. ஒவ்வொரு காலையிலும் சக்கரம் சப்பையாகத்தான் கிடந்தது.

“திமிரு பாத்தேரா வேய்?” என்றார் அப்பா மண்டிக்காரரிடம். “காலையில அடிக்கான், பொறவு அவனே தொறந்தும் விடுகான். சவம், நம்மள வச்சு வெளையாடுகான்.”

சந்தில் யாரும் அவருக்குத் துணி கொடுக்கக் கூடாது என்று ஆயிற்று. அடுத்த நாள், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, மண்டியில் மூட்டை தூக்குகிற நாலு பேர் வந்து தேப்புவண்டியைத் தள்ளினார்கள். நான் மழை அங்கி போட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பியிருந்தேன். வண்டியின் ஒரு சக்கரம் சாக்கடை விளிம்பில் இறங்கிச் சாய்ந்தது. பித்தளைப் பெட்டி தண்ணீரில் விழுந்து ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம். வேறு தெருக்காரர்கள் கொடுத்திருந்த துணிகள், தேய்த்து அடுக்கியவை, அப்படியே சரிந்து சாக்கடைக்குள் போயின. வெள்ளை வேட்டிகள் கறுத்து, ஊதி, மெதுவாக மிதந்தன. தேப்புக்காரரின் மனைவி முழங்கால் அளவு அந்தத் தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வாழைத்தொலியும், மீன் செதிலும், இன்னும் என்னென்னவோ அவள் கையில் ஒட்டின. அவள் அழவில்லை, திட்டவில்லை. துணியை எண்ணிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, உதடு மட்டும் அசைந்தது. அம்மா ஜன்னலைச் சாத்தினாள். மழைச்சாரல் அடிக்கிறது என்றாள்.

தேப்புக்காரர் போய் இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் சக்கரம் சப்பைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியைச் சந்து வழியாக உருட்டிக்கொண்டு புறவாசலுக்குக் கொண்டுபோனார். கதவைச் சாத்தித் தாழ் போடச் சொன்னார். என்ஜினுக்கு அடியில் செங்கல் அடுக்கி முன்சக்கரத்தைக் கழற்றினார். என்னைச் சாமான் எடுத்துக் கொடுக்க வைத்துக்கொண்டார். வால்வுத் தண்டின் திருகைத் தளர்த்தி எடுத்தார். டயரை மிதித்து விலக்கி, இரண்டு இரும்புப் பட்டைகளை நுழைத்து நெம்பி, டியூபை இழுத்தார். அதோடு கூடவே மழைத்தண்ணீரும் துருவும் சேர்ந்த பழுப்புக் குழம்பு ஒன்று தரையில் வழிந்தது. செத்த எலியின் நாற்றம். நான் மூக்கைப் பொத்தினேன். அப்பா, “கையெடு, ஒண்ணும் செத்துப் போவ மாட்ட” என்றார்.

டியூபில் கொஞ்சம் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கினார். நான்தான் முதலில் பார்த்தேன். வால்வின் வாயில் ஒன்றும் இல்லை. அதன் அடியில், தண்டு டியூபோடு சேருகிற மூட்டில், சரம் சரமாகக் குமிழி கிளம்பியது. அப்பா தண்டை ஒரு பக்கம் வளைத்தார். ரப்பரில் அரைவட்டமாக ஒரு வெடிப்பு வாய் பிளந்தது. அது புதிய வெடிப்பு அல்ல. உள்ளே தூசி படிந்து சாம்பல் நிறமாக இருந்தது. வெளியே இருந்து எத்தனை எச்சில் தொட்டு வைத்தாலும் அது தெரிந்திருக்காது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“இது இப்பம் நெம்பும்பம் கீறினதாக்கும்” என்றார்.



பிறகு அவர் வேலை சுத்தமாக நடந்தது. கத்தரிக்கோலால் பழைய தண்டை வேரோடு வெட்டி எடுத்தார். சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதில் வேறொரு டியூபிலிருந்து வட்டமாக வெட்டியெடுத்த ரப்பர் துண்டும் அதன் நடுவில் நல்ல வால்வு ஒன்றும் இருந்தன. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, ஊதி, உலர விட்டு, பழைய ஓட்டையின் மேல் அதை ஒட்டினார். இறுகிப் பிடிப்பதற்காக அம்மாவின் அம்மிக் குழவியைக் கேட்டார்.

“ஐயோ, அதுல தேங்கா அரைக்காண்டாமா?” என்றாள் அம்மா.

“கழுவிக்கிடலாம். கொண்டா.”

ஒரு மணி நேரம் குழவி அந்த டியூபின் மேல் கிடந்தது. அன்று மதியத் துவையலில் சொல்யூஷன் வாடை அடித்தது. அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. நானும் அம்மாவும் தொடவில்லை. அப்பா மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், ருசித்துச் சாப்பிட்டார்.

பழைய தண்டைச் சாக்கடையில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். சுண்டுவிரல் நீளம், நுனியில் பித்தளை, அடியில் பிய்ந்த ரப்பர். நான் போடவில்லை. மறுநாள் அம்மா பெருங்காயம் வாங்கக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள். தேப்புக்காரர் கடைத்தெருவின் மறுமுனையில், சாக்குக் கடைச் சுவரோரம் வண்டியைப் போட்டிருப்பதாகப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். பெருங்காயத்தை விட்டுவிட்டு நேரே அங்கே போனேன்.

மேலே தார்ப்பாய் இல்லை. பெட்டியின் பித்தளை கறுத்துப் போயிருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

“ஆரு, சாருக்க பிள்ளையா?”

நான் கையை விரித்துக் காட்டினேன். “நீங்க தொறக்கல்ல. இது வெடிச்சிருந்துது.”

அவரை ‘நீங்க’ என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தண்டை வாங்கிக் கட்டைவிரலால் வளைத்துப் பார்த்தார். வெடிப்பு திறந்தது. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“ஆமா. இதுதான்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“மொத நாளு பம்பு வச்சப்பமே தெரியும். பம்புக் கொழாய சரிச்சுப் பிடிச்சா அடியில உஸ்ஸுண்ணு ஒரு சத்தம் வரும். சாருகிட்ட அன்னைக்கே சொன்னேன்.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“‘நீ அடி’ண்ணாரு.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னார். எனக்கு அப்போதுதான் அந்தக் காகிதப் பொட்டலம் ஞாபகம் வந்தது. டயரைக் கழற்றும் முன்பே, குமிழியைப் பார்க்கும் முன்பே, மாற்று வால்வு அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. எங்கே கெட்டிருக்கிறது என்று தெரிந்துதான் வாங்கி வைத்திருக்கிறார். பத்து நாளும் தெரிந்துகொண்டே பக்கத்தில் நின்று பல் தேய்த்திருக்கிறார். சாக்கடையில் துணி மிதந்தபோதும் தெரிந்துகொண்டுதான் ஆபீசுக்குக் கிளம்பியிருக்கிறார்.

 ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். “கரி விழுந்ததத்தான் நீங்க எடுத்திய. நான் அதச் சொல்லல்ல.”

அவர் பெட்டியைத் திறந்து கரியைக் கிளறினார்.

“நீ கண்டதத்தானே மக்கா சொன்ன.”

அவர் திட்டியிருக்கலாம். ஒரு அடி வைத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். சுவரோரம் குந்தியிருந்த அவர் மனைவி எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து தண்டைப் பிடுங்கி நடுரோட்டில் எறிந்தாள்.

“எல்லாம் முடிஞ்ச பொறவு சாட்சி சொல்ல வந்திருக்கா பாரு. ஏட்டி, போ. இனி இஞ்ச வராத. உங்க ஆளுவ ஆராவது கண்டா இந்த எடமும் போவும்.” பிறகு என் பக்கம் மூக்கைச் சுளித்தாள். “உன் துணி நாறுகு.”

நாறத்தான் செய்தது. தேய்க்க ஆள் இல்லாமல், அரைகுறையாகக் காய்ந்த பாவாடை. நான் வீடு வரைக்கும் அதை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பெருங்காயம் வாங்காததற்கு அம்மா தலையில் குட்டினாள்.

அன்று மாலை அப்பா தோசை தின்றுகொண்டிருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“யப்பா, வால்வு கெட்டிருக்குண்ணு அவரு மொத நாளே சொன்னாராமே?”

அப்பா நிமிர்ந்தார். “அவரா? எந்த அவரு?”

“தேப்புக்காரரு.”

“தேப்புக்காரன் எப்பம் முதல் அவரு ஆனான்?”

அதுதான் அவருக்கு முதலில் உறைத்தது.  அவர் தோசையைப் பிட்டு, தொட்டு, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னார்.

“சொன்னான். அதுக்கு? பத்துப் பேருக்கு முன்ன வால்வு நல்லாட்டு இருக்குண்ணு சொன்னவன் நானாக்கும். துணி தேய்க்குதவன் ஒருத்தன் சொன்னாண்ணு மறுநாளே போயி மாத்திப் பேச முடியுமா? பொறவு ஆராவது என்ன மதிப்பானா?”

“பிள்ளகிட்ட என்னத்துக்கு அந்தப் பேச்சு” என்று அம்மா அவர் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். என்னைப் பார்த்து, “எந்திச்சுப் போய்ப் படி” என்றாள். அவள் குரலில் அதிர்ச்சி இல்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது.

அப்பாவின் உதட்டோரத்தில் எண்ணெய் மினுங்கியது. அவர் மெல்லும்போது தாடை எலும்பு ஏறி இறங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டியது. அதற்கு முன் அவர் தின்ற மிச்சத்தை எத்தனையோ நாள் வாங்கித் தின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் முடியவில்லை.

இப்போது யோசித்தால் அப்பாவைக் கொஞ்சம் புரிகிறது. ஆபீசில் எல்லோரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னக் குமாஸ்தா. முதன்முதலாக ஒரு கூட்டம் அவர் பேச்சைக் கேட்டது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பத்து ஆண்களுக்கு நடுவில் எனக்குப் பிடித்திருந்த அதே விஷயம்தான் அவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் புரிந்துகொண்டால் அருவருப்பு குறையும் என்கிறார்களே, எனக்குக் குறையவில்லை. அது இரண்டு பேர் மேலும் சமமாகப் பரவிக்கொண்டது, அவ்வளவுதான். அப்பா எண்பது தாண்டி, பேரப்பிள்ளைகள் சூழ, நல்ல பெயரோடு போனார். கடைசி நாட்களில் அவர் வாயைத் துடைத்துவிடும் வேலை என்னுடையதாக இருந்தது. செய்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தேன். பார்த்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

சந்தில் யாரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. மண்டிக்காரர் வீட்டு வாசல் வரை ஒரு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவர் உள்ளேயிருந்து, “என்ன மக்கா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல மாமா” என்றேன். வண்டியின் முன்சக்கரம் அதற்குப் பிறகு ஒரு நாளும் சப்பையாகவில்லை. ஏன் என்று சந்தில் ஒருவரும் கேட்கவில்லை. தேப்புக்காரனை விரட்டியதும் காற்று நின்றுவிட்டது பார்த்தீர்களா என்று அதையும் ஒரு சாட்சியாக ஆக்கிக்கொண்டார்கள்.

மழை மட்டும் விடவில்லை. நான் கசங்கின சட்டையும், புள்ளி விழுந்த காலருமாகத் தினமும் பள்ளிக்கூடம் போனேன். பக்கத்தில் இருந்த பெண் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு நாள் டீச்சர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். மலையாளக்காரர், சுத்தபத்தமானவர். கைக்குட்டையை மூக்கின் கிட்டே பிடித்துக்கொண்டு, “எந்தா குட்டி, யூனிபார்ம் தேய்க்காதே வந்நது?” என்று கேட்டார்.

“தேப்புக்காரன் போயி, டீச்சரே.”

“எங்கோட்டு போயி?”

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. மண்டிக்காரர் முற்றத்தில் பார்த்தது போலவே எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். இந்தத் தடவை எனக்கு அது பிடிக்கவில்லை.

“போயதல்ல டீச்சரே” என்றேன். “ஞங்ஙள் ஓடிச்சு.”

அவராகப் போகவில்லை, நாங்கள்தான் விரட்டினோம் என்று பத்து வயதுப் பெண் சொன்னது டீச்சருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். அவர் கைக்குட்டைக்குப் பின்னால் சிரித்தார். உடனே வகுப்பும் சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.